சொல்லப்படும் கஷ்டம், சொல்லப்படாத உதவி

இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் வாயில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி வரும். ‘நான் பட்ட கஷ்டத்தை என் பிள்ளை படக்கூடாது’ என்பது ஒன்று. ‘கஷ்டம்னா என்னன்னே தெரியாம வளர்ந்துட்டான்’ என்பது மற்றொன்று. முதலாவது, பிள்ளை பிறந்தபோது எடுத்துக்கொண்ட சபதம். இரண்டாவது, அந்தச் சபதம் நிறைவேறிப் போனதைப் பற்றிய புகார். இரண்டையும் ஒரே மனிதர், சில சமயம் ஒரே மாலைப் பொழுதில், எந்த நெருடலும் இல்லாமல் சொல்கிறார். கஷ்டத்தையும் வசதியையும் தலைமுறைகள் எப்படிப் பார்க்கின்றன என்ற கேள்வியை இந்த முரணிலிருந்து தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முதலில் புகாரைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று தொடங்கும் குறைகூறல் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. ஜான் ப்ரோட்ஸ்கோ, ஜொனதன் ஸ்கூலர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதன் இயக்கத்தை ஓரளவு பிடித்தது. நிறையப் படித்தவர்கள்தாம் இளைஞர்கள் படிப்பதில்லை என்று அதிகம் சொல்கிறார்கள். அதிகாரத்துக்கு மரியாதை தருபவர்கள்தாம் இளைஞர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்கிறார்கள். தாம் இன்று இருக்கும் நிலையை அன்றைய தங்கள் தலைமுறை முழுவதன் மீதும் ஏற்றிப் பார்க்கிறது மனது. இன்று பொறுப்பாக இருக்கும் அப்பா, பதினெட்டு வயதிலும் தாமும் தம் தோழர்களும் அப்படியே இருந்ததாக நினைவுகொள்கிறார். அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்.

ஆனால் பட்ட கஷ்டம் பொய்யல்ல. 1965, 66இல் பருவமழை பொய்த்தது. பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கக் கப்பல்களில் வந்த தானியம் நாட்டின் பசியைத் தாங்கிப் பிடித்தது. ரேஷனில் மைலோ என்ற சோளத்தை வாங்கிக் கூழ் காய்ச்சிய வீடுகளின் நினைவு இன்னும் அழியவில்லை. அரிசிச் சோறு என்பது தீபாவளி, பொங்கல், விருந்தாளி வரும் நாள் என்று கணக்காக வரும். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற வாக்குறுதி ஓர் ஆட்சியையே மாற்றுவதில் பங்கு வகித்தது என்றால், அரிசி அப்போது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று புரியும். அந்த வருடங்களில் பத்து வயதாக இருந்தவர், இன்று பேரன் தட்டில் மீதம் வைத்து எழுந்துபோகும்போது கோபப்படுகிறார். அந்தக் கோபத்தில் நடிப்பு இல்லை.

இளமையில் எது பற்றாக்குறையாக இருந்ததோ அதுவே வாழ்நாள் முழுக்க மதிப்பாக நிற்கும் என்று அரசியல் அறிஞர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட் 1977இல் வாதிட்டார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, ஒரே காலத்தில் பிறந்தவர்களை ஒரு தலைமுறையாக ஆக்குவது பிறந்த வருடம் அல்ல, சேர்ந்து கடந்த அனுபவம் என்று சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் எழுதிவிட்டார். இரண்டும் பயனுள்ள கருத்துகள்தாம். ஆனால் கஷ்டம் மனிதனை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இவை போதாது. அதற்குச் சமூகவியலாளர் கிளென் எல்டரிடம் போக வேண்டும்.

எல்டரின் ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேட் டிப்ரஷன்’ 1974இல் வந்தது. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 1920, 21இல் பிறந்து, 1930களின் பெருமந்தத்தில் பதின்வயதைக் கழித்த 167 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து சென்று சேகரித்த தரவு. அப்பாவுக்கு வேலை போன வீடுகளில் பையன்கள் சில்லறை வேலைக்குப் போனார்கள், பெண் பிள்ளைகள் வீட்டைத் தாங்கினார்கள். பெரியவர்களாகும்போது இவர்களில் பலர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தார்கள். ‘பார்த்தாயா, கஷ்டம்தான் ஆளை ஆளாக்கும்’ என்று மேசையைத் தட்டுவதற்கு முன் மேலும் இரண்டு விஷயங்கள் உண்டு. பக்கத்து ஊரான பெர்க்லியில் 1928, 29இல் பிறந்து அதே மந்தத்தைச் சின்னஞ்சிறு வயதில் சந்தித்த ஆண் பிள்ளைகள் நன்றாக இல்லை. அதே கஷ்டம் அவர்களை வலுவாக அடித்திருந்தது. இன்னொன்று, ஓக்லண்ட் பையன்கள் ஆளாகும்போது போர் வந்தது. ராணுவ வேலை வந்தது. திரும்பி வந்தவர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு கல்லூரிப் படிப்புக்குப் பணம் கொடுத்தது. பொருளாதாரமும் ஏறுமுகத்தில் இருந்தது. அதாவது கஷ்டத்துக்குப் பின்னால் ஏணி ஒன்று வந்து நின்றது.

இந்த ஏணிதான் நம் ஊர்க் கதைகளில் பெரும்பாலும் காணாமல் போகிறது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி தி. முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்தார் என்ற கதை தமிழ்நாட்டில் மூன்று, நான்கு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் ஏற்றப்பட்டது. மின்வெட்டில் முனகும் பிள்ளைக்கு இன்றும் அது மேற்கோளாக வரும். தந்தையை இளமையில் இழந்து, சிறுவனாகக் கிராமக் கணக்குப் பிள்ளைக்கு உதவியாளாகச் சொற்பச் சம்பளத்தில் இருந்தவர் அவர். ஆனால் அந்தப் பையனின் கூர்மையைக் கவனித்த ஒரு தாசில்தார் அவரை நாகப்பட்டினத்துக்குப் படிக்க அனுப்பி, பின் சென்னைக்கும் அனுப்பிவைத்தார் என்பதும் அவருடைய வரலாற்றில் உண்டு. பள்ளிக்கூடம் போகலாம் என்று ஊர் ஏற்றுக்கொண்ட சாதியில் பிறந்தவர் என்பதும் உண்டு. கதை சொல்லும்போது தெருவிளக்கு நிற்கிறது; தாசில்தார் அணைந்துவிடுகிறார். சாதியோ கதைக்குள் நுழையவே இல்லை.

1940, 50களில் பிறந்து மேலே வந்த தமிழர்களின் கதையிலும் இதே கத்தரிப்பு நடக்கிறது. அவர்களில் மூத்தவர்கள் பள்ளி வயதில் இருந்தபோது 1956இல் காமராஜர் அரசு மதிய உணவைத் தொடங்கியது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்தது. கட்டணம் படிப்படியாக நீங்கியது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்தால், சில வருடங்களில் கார்டு வரும் என்ற நம்பிக்கை பலிக்கக்கூடியதாக இருந்தது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, நெய்வேலியில் நிலக்கரி, திருச்சியில் பெல் என்று பொதுத்துறை ஆள் எடுத்தது. 1969இல் 14 வங்கிகள் தேசியமயமாயின, கிளைகள் கிராமம் வரை விரிந்தன, எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். இட ஒதுக்கீடு இருந்தது. வேலை கிடைத்தவருக்கு ஓய்வூதியமும் இருந்தது. பசித்த பிள்ளையின் கதையோடு இவை எல்லாம் சேர்ந்தால்தான் அது முழுக்கதை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஓய்வுபெற்ற அதிகாரி எழுதும் நினைவலையில் ஐந்து மைல் நடை வரும், ஒரே சட்டை வரும், மண்ணெண்ணெய் விளக்கு வரும். எக்ஸ்சேஞ்ச் கார்டு வராது. அவர் எதையும் மறைக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். எதிர்த்து நின்ற தடை உடம்பில் பதிகிறது. தள்ளிவிட்ட கை முதுகுக்குப் பின்னால் இருந்ததால் கண்ணில் படவில்லை.

இன்னொரு விடுபடலும் உண்டு. அவரோடு ஒன்றாகப் படித்து ஐந்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஒட்டப் போனவர், தறிக்குப் போனவர், மாடு மேய்க்கப் போனவர் நினைவலை எழுதுவதில்லை. கஷ்டம் ஆளாக்கும் என்ற தீர்ப்பை எழுதுவது ஆளானவர்களே. அவர்களோடு கூடப் பிறந்த அக்காக்களைக் கேட்டால்கூடக் கதை மாறும். தம்பி படிக்கட்டும் என்று பல வீடுகளில் நிறுத்தப்பட்டது அக்காவின் படிப்புதான்.

கஷ்டம் சொத்தைப் போலக் கைமாறும் என்பதை இங்கிலாந்தில் சமூகவியலாளர் சாம் ஃப்ரீட்மனும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் காட்டினார்கள். நடிகர்கள், கட்டடக் கலைஞர்கள், கணக்காளர்கள், தொலைக்காட்சித் துறையினர் என 175 பேரை நேர்கண்டதில், பெற்றோரே உயர்தொழில் செய்தவர்களாக இருந்தும் தம்மை உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளாகச் சொல்லிக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஆதாரம் என்ன என்று பார்த்தால், சுரங்கத்தில் வேலை செய்த தாத்தா போன்ற முன்னோர் கதைகள்! வீடும் பள்ளியும் தொடர்புகளும் சத்தமில்லாமல் கைமாறின. தாத்தாவின் கஷ்டம் சத்தத்தோடு கைமாறியது. முன்னோரின் கதையைத் தன் கதையாக்கிக்கொண்டவருக்குத் தான் தொடங்கிய இடம் தரைமட்டமாகவே தெரிகிறது.

இதைப் படிக்கும்போது சென்னை நினைவுக்கு வராமல் இருக்காது. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய சென்னை ஐஐடியைப் பற்றி மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூல் இதன் தமிழ்நாட்டு வடிவத்தை ஆராய்கிறது. தாங்கள் நடுத்தர வர்க்கம், வீட்டில் பணம் இல்லை, புத்தகம் மட்டுமே சொத்து என்று பேசும் முன்னாள் மாணவர்களை அதில் சந்திக்கிறோம். வீட்டில் பல தலைமுறையாகப் புத்தகம் இருந்ததே பெரிய முதலீடு என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. சாதி என்பது இட ஒதுக்கீட்டில் வருபவருக்கு மட்டும் ஒட்டியிருக்கும் அடையாளம், பொதுப் பிரிவில் வருபவர் சாதியற்றவர் என்ற பார்வை எப்படி உருவானது என்று சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2013இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல துணை.

தமிழில் எழுதப்பட்ட வாழ்க்கைக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பிளவு தெளிவாகத் தெரிகிறது. ஒரு வகைக் கதையில் வறுமை உண்டு, ஆனால் குற்றவாளி இல்லை. மழை பெய்யவில்லை, அப்பா சீக்கிரம் இறந்துவிட்டார், நிலம் போய்விட்டது. கதாநாயகன் உழைத்து மேலே வருகிறான். 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’, பின்னர் வந்த கே.ஏ. குணசேகரனின் ‘வடு’, ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ போன்றவற்றில் கஷ்டத்துக்கு முகவரி இருக்கிறது. யாரோ ஒருவர் இன்னொருவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். டம்ளரைத் தனியாக வைத்தார். முதல் வகைக் கதை முன்னேற்றத்தில் முடிந்துவிடும். இரண்டாவது வகை, படித்து வேலைக்குப் போன பிறகும் தொடரும், ஏனென்றால் வாடகைக்கு வீடு தேடும்போது அது மறுபடி தொடங்குகிறது. இரண்டையும் ‘கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள்’ என்ற ஒரே பெட்டியில் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பசியை வென்றேன் என்று பேரப்பிள்ளைக்குப் பெருமையாகச் சொல்லலாம். அவமானத்தை அப்படிச் சொல்ல முடிவதில்லை. ஆகவே பல தலித் வீடுகளில் முதல் தலைமுறை வாயைத் திறக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் தலைமுறையே எழுதவும் படமெடுக்கவும் செய்கிறது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களிலும் இந்த மௌனத்தின் ஒரு வகை உண்டு. அகதியாக இறங்கி இரண்டு வேலை பார்த்த கதையைப் பிள்ளைகளிடம் சொல்வார்கள். அதற்கு முன் ஊரில் என்ன நடந்தது என்பதைச் சொல்லமாட்டார்கள்.

சரி, கஷ்டப்பட்டவர் கஷ்டப்படுகிறவரிடம் இரக்கமாக இருப்பாரா?

நம் பழமொழி இதில் நம்பிக்கை வைக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிறது. மருமகளாக வந்து அல்லல்பட்ட பெண்ணே மாமியாரானதும் அதே அளவுகோலை எடுக்கிறாள் என்பதைத் தெரிந்து சொன்ன பழமொழி அது. 2015இல் ரேச்சல் ரட்டனும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனைகள் இதையே வேறு விதமாகக் கண்டன. வேலையின்மையைக் கடந்து வந்தவர்கள், வேலை கிடைக்காமல் தடம் மாறிப்போன ஒருவனிடம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இரங்கினார்கள். நான் தாங்கினேனே, நீ ஏன் தாங்கவில்லை? கடந்து வந்த துன்பம் எவ்வளவு கொடியதாக இருந்தது என்பது நினைவில் தேய்ந்துவிடுகிறது. கடந்துவிட்டோம் என்பது மட்டும் தங்குகிறது. 2022இல் ஹியுன்ஜின் கூவும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பணக்காரர்களை ஆராய்ந்ததில், பணக்காரராகப் பிறந்தவர்களைவிடப் பணக்காரராக ஆனவர்களே முன்னேறுவது எளிது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு ஏழைகள் மீதான இரக்கக் குறைவும் சேர்ந்து வந்தது. சாதாரணமாக நாம் நினைப்பது இதற்கு நேரெதிர்.

ஆனால் தமிழ்நாட்டின் வரலாறு இந்த முடிவுகளை அப்படியே ஏற்க விடுவதில்லை. தந்தை இறந்து பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் காமராஜர். மதிய உணவு அவருடைய ஆட்சியில் மாநிலம் முழுதும் விரிந்தது. கண்டி அருகே நாவலப்பிட்டியில் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் பசியோடு வளர்ந்து, நாடகக் கம்பெனியில் சோற்றுக்காகச் சேர்ந்தவர் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது தன் இளமைப் பசியையே காரணமாகச் சொன்னார். பணம் எங்கிருந்து வரும், இது வெறும் ஓட்டு அரசியல் என்று அன்று கேலி செய்தவர்களில் பசி அறியாதவர்களும் இருந்தார்கள், பசியை வென்றவர்களும் இருந்தார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு தரச் சொன்னது. ஒரே பசி ஒருவரை ‘நான் தாண்டினேன், நீயும் தாண்டு’ என்று சொல்லவைக்கிறது. இன்னொருவரை அடுப்பு மூட்டவைக்கிறது. வேறுபாடு பசியின் அளவில் இல்லை. தான் தப்பித்ததற்குத் தன் திறமையே காரணம் என்று நினைக்கிறாரா, யாரோ சோறு போட்டதாலும் அதிர்ஷ்டத்தாலும் என்று நினைக்கிறாரா என்பதில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

‘இலவசம் கொடுத்துக் கொடுத்தே சோம்பேறியாக்கிட்டாங்க’ என்ற பேச்சை இந்தக் கண்ணோடு கேட்டால் விசித்திரமாக இருக்கும். 2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. இவற்றை ஏளனம் செய்பவர்களில் அரசு மருத்துவக் கல்லூரியில் பெயரளவுக் கட்டணத்தில் படித்தவர்கள் உண்டு, வாழ்நாள் ஓய்வூதியம் வாங்குபவர்கள் உண்டு. அவை தகுதிக்குக் கிடைத்தவை, கிரைண்டர் தகுதியில்லாதவருக்குக் கிடைத்தது என்பது அவர்கள் கணக்கு. ஆட்டுக்கல்லின் முன் தினமும் உட்கார்ந்தவர் அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் விடை வேறாக வந்திருக்கும்.

வசதி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எண்ணால் கோடு போட்டுப் பார்க்கவும் தமிழ்நாடு ஒரு முறை முயன்றது. 1970இல் அறிக்கை தந்த சட்டநாதன் ஆணையம், பிற்படுத்தப்பட்டோருக்கான இடங்களில் பெரும் பங்கைச் சில சாதிகளே பெறுவதைக் கண்டு, அவர்களில் வசதியானவர்களை விலக்கச் சொன்னது. ஆணையத்தின் தலைவர் ஏ.என். சட்டநாதனே எளிய சூத்திரக் குடும்பத்தில் பிறந்து மேலே வந்தவர். தன் இளமையைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் அவர் மறைவுக்குப் பின் நூலாயின. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு விதித்தது. எதிர்ப்பு கிளம்பியது. 1980 மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்கு 39இல் இரண்டே இடங்கள். ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31இலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் ‘கிரீமி லேயர்’ என்று மறுபடி கோடு போட்டபோதும் மாநில ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. சம்பளம் உயர்ந்தாலும் சாதி இழிவு போவதில்லை என்ற வாதம் வலுவானது; அவமானக் கதைகளைப் படித்த யாரும் அதை ஒதுக்க முடியாது. அதே சமயம், மாவட்ட அளவிலான அதிகாரியின் மகனும் கூலித் தொழிலாளியின் மகளும் ஒரே வரிசையில் நிற்கும்போது, ‘நாங்களும் கஷ்டப்பட்டவர்கள்’ என்று முதலாமவன் சொல்வது தாத்தாவின் கதை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பேசும் அரசியல் துணிவு 1980க்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் வரவில்லை.

இளையவர்களின் பக்கத்தையும் சும்மா விட முடியாது. அப்பாவுக்குக் கிடைத்த ஏணியின் படிகள் குறைந்துவிட்டன என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. 2022இல் நடந்த குரூப் 4 தேர்வின் அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். தமிழ்நாட்டில் உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு என்று 2021-22க்கான மத்திய அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. பட்டம் அரிதாக இருந்தபோது அதற்கு இருந்த விலை இப்போது இருக்க முடியாது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு அரசு வேலைக்குப் போன அப்பா, எம்.இ. முடித்து டெலிவரி பையைத் தூக்கும் மகனைப் பார்த்து ‘முயற்சி போதாது’ என்று சொல்வது அறியாமை. ஆனால் ‘பூமர்களுக்கு எல்லாம் சும்மா கிடைத்தது’ என்று திரும்பச் சொல்வதும் அதே அறியாமைதான். மைலோக் கூழைச் சும்மா கிடைத்தவற்றின் பட்டியலில் யாரும் சேர்க்கமாட்டார்கள். நகரத்து ஆங்கிலப் பள்ளி இளைஞர்களிடம் வேறொரு பழக்கம் பரவியிருக்கிறது. பேச்சைத் தொடங்கும் முன் ‘நான் ப்ரிவிலேஜ் உள்ளவன், தெரியும்’ என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு வழக்கம்போல் பேசுவது. ஒப்புக்கொள்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை என்பதால் அது எளிதாகப் பரவுகிறது.

தமிழ்நாட்டில் 2010இலிருந்து நடைமுறையில் இருக்கும் ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமான தாள். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை தருவதற்காக வருவாய்த் துறை வழங்குவது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்று அரசு எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கே சலுகை. அண்ணன் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. அதனால் எந்தப் பிள்ளைக்கு வாங்குவது என்று வீட்டில் சண்டை நடப்பதும் உண்டு. கஷ்டத்துக்குத் தேதி போட்டு, உதவிக்கும் தேதி போட்டு, இரண்டையும் ஒரே தாளில் பதியும் ஆவணம் நம்மிடம் வேறு இல்லை. அந்தச் சலுகையில் முதலில் படித்தவர்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். சிலருடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள், பெரும்பாலும் தனியார் பள்ளிக்கு. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை படிக்காமல் திரியும்போது, ‘நான் எப்படிப் படிச்சேன் தெரியுமா’ என்று இவர்களும் தொடங்குவார்கள். தாசில்தார் அலுவலகத்தில் அந்தத் தாளுக்காக நின்றதையும் அப்போது சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேட்க எனக்கு ஆவல்.